பன்னிரண்டு குழி

டாஷ்போர்டுக்குக் கீழே ஓரத்துத் தகட்டைக் கழற்றினால்
ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு குழி.
பல்லாங்குழிக்கு இரண்டு குறைவு.
பாதிக்குமேல் காலி.

தொண்ணூற்றேழு மாடல் சியலோ.
மாச்சய்யா நாற்பதாயிரத்துக்கு வாங்கியது,
வீட்டில் முப்பது என்று சொன்னது.
டெய்ரி சர்க்கிள் சிவப்பு விளக்கில் நிறுத்தினால்
தானும் கண்ணை மூடிக்கொள்கிறதாம்.
பச்சை விழுந்து
பின்னால் பத்து ஹாரன் கத்தினாலும்
எழுந்திருப்பதில்லையாம்.

வில்சன் கார்டனில் எங்கள் ஷெட்டுக்குப்
போன மாதம்தான் புது ஸ்கேனர் வந்தது.
பதினெட்டுத் தவணையில் ஒன்று கட்டியாகிவிட்டது.
ஒரு டேப்லெட், அதனோடு
கம்பியில்லாமல் பேசும் சோப்பு அளவு டப்பா,
டப்பாவுக்குப் பதினாறு பல்.
பதினாறு பல்லை வைத்துக்கொண்டு
பன்னிரண்டு குழியைக் கடிப்பது எப்படி?

பழைய ஸ்கேனர் செத்து ஆறு வருடம்.
அதன் வால்கள் மட்டும் பிஸ்கட் டின்னில் சுருண்டு கிடந்தன.
உருண்டை வாய், சப்பை வாய்,
எந்த வண்டிக்கென்று யாருக்கும் தெரியாத ஒரு கோணல் வாய்.
நயாஸ் டின்னைக் கவிழ்த்தான்.
ஒரு கரப்பான் ஓடியது. பன்னிரண்டும் கிடைத்தது.

சொருகினேன். டக்கென்று உட்கார்ந்தது.
சண்டை போட்ட சம்பந்தி பந்தியில் உட்கார்ந்த மாதிரி,
பேச்சில்லை.
டப்பாவில் விளக்குகூட இல்லை.
அப்புறம்தான் உறைத்தது:
அந்தக் காலத்து வாய் சொல்லும், சோறு போடாது.
கேட்க வருகிறவன் கட்டுச்சோற்றோடு வரவேண்டும்.
பேட்டரியிலிருந்து சிவப்புக் கவ்வி ஒன்று, கறுப்பு ஒன்று.
பச்சைப் புள்ளி எரிந்தது.

கம்பெனிப் பட்டியலில் டேவூ இல்லை.
"செவர்லேன்னு போடுங்க அக்கா,
அவங்ககிட்டதானே அப்புறம் போச்சு."
போட்டேன்.
இணைப்பு இல்லை.
இணைப்பு இல்லை.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி
ஏ குழியையும் பி குழியையும் கோத்துச்
சாவியைத் திருப்பினேன்.
மீட்டருக்குள் மஞ்சள் விளக்கு
ஒரு தரம்.
கொஞ்சம் மூச்சு.
இரண்டு தரம்.
மறுபடி அதே. மறுபடி அதே.
பன்னிரண்டு.
பன்னிரண்டு கோளாறு இல்லை.
'இருக்கிறேன், கேள்' என்று அர்த்தம்.
பிறகு மூன்றும் ஐந்தும்:
நிற்கும்போது காற்று விடுகிற வால்வு.

"அப்போ முடிஞ்சுதா?" என்றார் மாச்சய்யா.
அவருக்கு முடிந்தது.
வால்வு எத்தனை படி நகர்கிறது என்று
கிளிப் சொல்லாது என்றேன்.
அது உண்மை.
மிச்சமிருக்கும் பதினேழு தவணையும் உண்மை.

மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகக் கேட்டேன்.
எம் குழியின் சொல் ஒன்றாம் பல்லுக்குப் போகிறது.
டேப்லெட் காது வைத்திருப்பது ஏழில்.
இத்தனை நேரமும் கொல்லைக் கதவைத் தட்டிவிட்டு
வாசலில் நின்றிருக்கிறோம்.
வெட்டி, உரித்து, ஈயம் வைத்தேன்.
தகரத்தின்மேல் மே மாத மழை இறங்கியது.
நயாஸ் குடையை எனக்குப் பிடிக்கவில்லை,
டேப்லெட்டுக்குப் பிடித்தான்.

அப்போதும் உடனே வரவில்லை.
இது கேள்விக்குமேல் கேள்வி கேட்கும்,
அது வார்த்தையை எண்ணிப் பேசும்.
வேகத்தைக் குறைத்து வைத்தேன்.
எண்கள் வந்தன,
ஊற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி,
நொடிக்கு ஒன்று.
நாற்பது படி. நூறு படி. நூற்றிருபது.
ஏறச்சொன்ன படி எல்லாம் ஏறியதாகக் கணக்கு,
என்ஜின் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

வால்வைக் கழற்றினால் தார் போல் கரி.
கழுவி மாட்டி
இருபது நிமிடம் நிற்கவைத்தோம்.
நின்றுகொண்டே ஓடியது.

டேப்லெட் அறிக்கையில் செவர்லே என்று அச்சாகியிருந்தது.
மாச்சய்யா பேனா கேட்டு அதை அடித்து
சியலோ என்று எழுதி மடித்துக்கொண்டார்.

டின்னில் போடுமுன் வாலில் டேப் ஒட்டி எழுதினேன்:
வயர் ஏழுக்கு மாற்றியது.
கரண்ட் வெளியிலிருந்து.
மெதுவாகக் கேள்.

நயாஸுக்குத் தமிழ் பேசத்தான் வரும்.
அதனால் அடியில் பதினாறு புள்ளி வைத்து
ஏழாவதைச் சுழித்தேன்.
பக்கத்தில் ஒரு பேட்டரி.
மெதுவாக என்பதை எப்படி வரைவதென்று தெரியவில்லை.
"ஆமை போடுங்க" என்றான்.